வலது கைப் பக்கத்து ஜன்னல்

நடவு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே தெட்சிணாமூர்த்தி நின்றுவிடுகிறார். ஒரு கால் சேற்றில், ஒரு கால் வரப்பில். கழுத்தில் தொங்கும் பைனாகுலர் கண்ணுக்குப் போய்விட்டது. காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் அவர் வயலுக்கு நடவுக்கு வரும் பெண்களுக்கு இது பழகிப்போன சங்கதி. இனி நாற்றுமுடி கைக்கு வராது என்று தெரிந்து, இடுப்பை நிமிர்த்தி வெற்றிலை மடிக்க ஆரம்பிக்கிறார்கள். கிழக்கே, கடலுக்கு மேல், ஒரு வெள்ளிப் பொட்டு தெற்கு நோக்கி ஊர்கிறது.

“மெட்ராசு - கொழும்பு. போயிங் எழுநூத்தி முப்பத்தேழு. எறங்க இன்னும் அரமணி இருக்கு,” என்று வயலுக்குப் பொதுவாக அறிவிக்கிறார்.

“அது எறங்கட்டுங்கய்யா. எங்களுக்கு நாத்து எப்ப எறங்கும்?” என்கிறாள், நடவாட்களை அழைத்துவரும் காசியம்மா.

உழவு மாடுகளுக்கு வைத்த பெயரிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். வெள்ளைக் காளை போயிங். மயிலைக் காளைக்குப் பழைய பிரெஞ்சு விமானம் ஒன்றின் பெயர், காரவெல். காரவெல் பாதி உழவில் படுத்துக்கொள்ளும். “பழைய மாடல், என்ன பண்றது” என்று அதற்காக அவரே பரிந்து பேசுவார். வீட்டில் மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பது போல இவர் விமானக் கால அட்டவணை பார்க்கிறார். பைனாகுலர் நாகூரில் வாங்கியது. குளிக்கும்போது மட்டும் கழுத்தை விட்டு இறங்கும். பிறர் கையில் கொடுப்பதில்லை. சிநேகிதர் அல்பேர் ஒருமுறை கெஞ்சிக் கேட்டபோதுகூட வாரைக் கழற்றவில்லை. இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று பார்த்த காட்சியைக் கடைத்தெருவே பார்த்தது.

அவருடைய மனைவி வடிவாம்பாளுக்கு இந்த விஷயத்தில் ஒரே கொள்கைதான். ஏறிட்டுப் பார்ப்பதில்லை. “மழ வருதா, வடாம் காயுமான்னு பாக்கத்தான் எனக்கு வானம். அதுல எவன் போறான் வர்றான்னு எனக்கு என்னாத்துக்கு?” என்பாள்.

இத்தனைக்கும் தெட்சிணாமூர்த்தி விமானத்தில் ஏறியதே இல்லை. காரைக்காலில் வீட்டுக்கு ஒருவர் பாரீஸில் இருக்கிறார் என்று சொன்னால் அது பாதிதான் பொய். இவருக்கும் அந்த யோகம் வாய்த்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபின், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்த காலத்தில் இவருடைய அப்பா, “அறுப்பு முடியட்டும்” என்றார். அறுப்பு முடிந்தது. கெடுவும் முடிந்தது.

ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையம் இவருக்குக் கொல்லைப்புறம். காரைக்காலிலிருந்து யாரை வழியனுப்ப வேன் புறப்பட்டாலும் அதில் இவருக்கு ஒரு இடம் உண்டு. பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார். எந்த வரிசையில் நிற்பது, எந்த இருக்கை கேட்பது, காது அடைத்தால் என்ன செய்வது, எல்லாம் சொல்லிக் கொடுப்பார். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றே ஒன்று. ஜன்னல் வழியாகப் பார்த்து, என்ன தெரிந்தது என்று வந்து சொல்ல வேண்டும்.

ஒருவராவது பார்த்தால்தானே! ஒருவர் தூங்கிவிட்டார். ஒருவர் வெயில் அடிக்கிறது என்று ஜன்னலை மூடிவிட்டார். ஒரு அம்மாள் ஏறினது முதல் இறங்குகிறவரை கண்ணை மூடி ஜெபம் செய்தார். “அம்பது பேர அனுப்பிருப்பேன். அம்பது குருடன்,” என்று தெட்சிணாமூர்த்தி மனம் நொந்து சொல்வார். அந்த வருத்தம் நிஜமானது, பாவம்.

பாரதியார் சாலையில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தியாகராசன் கடை பெஞ்சில் சாயங்காலம் சபை கூடும். சபை என்றால் இரண்டு பேர். இவரும், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வூதியத்தோடு திரும்பிய அல்பேரும். அல்பேர் பலமுறை பறந்தவர்; இவருக்கு அவர் ‘முசியே’, பிரெஞ்சில் ஐயா.

“பாரீஸ் ஓர்லி மாதிரி ஏர்போர்ட் வருமாய்யா? இப்ப ருவாசின்னு புதுசா கட்டிருக்கான். வட்டமா இருக்கு. நடந்தேன், நடந்தேன், பொறப்பட்ட எடத்துலயே நிக்கறேன்.”

“நடுவுல கண்ணாடிக் கொழாய்க்குள்ள பாதை தானா ஓடும் முசியே. அதுல ஏறிருக்கணும்.”

“நீ பாத்தியா?”

“பாக்கல.”

“நா பாத்தவன். பாத்தவன் சொல்றதக் கேளு.”

“நீங்க எங்க பாத்தீங்க? நடந்தீங்க.”

கொழும்பு வழியாகப் பாரீஸ் போகும் டிக்கெட்டுகள் வர ஆரம்பித்ததும் சண்டை வலுத்தது. தெட்சிணாமூர்த்தி தேசப்படத்தில் மெட்ராஸுக்கும் கொழும்புக்கும் நூல் பிடித்தார். நூல் காரைக்காலை உரசிக்கொண்டு போனது. விடிய விடிய வேனில் குலுங்கி மெட்ராஸ் போகிறவனை, விமானம் அரை மணியில் திரும்பக் காரைக்காலுக்கே கொண்டுவருகிறது! வலது கைப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் நம் ஊர் தெரியும் என்றார் இவர். “காரக்காலும் தெரியாது, காக்காயும் தெரியாது” என்றார் அல்பேர். அந்த வழியாகப் போனவர்களைக் கேட்டார்கள். அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுத் தட்டு வந்ததாம்.

இந்த நிலையில்தான் அவருடைய ஒரே மகள் அன்னபூரணிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை சோமசேகரனுக்குப் பாரீஸில் தபால் இலாகா வேலை. நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும்போது சம்பந்தி, “எங்களுக்கு ஒரு கோரிக்கையும் இல்லீங்க. உங்களுக்கு ஏதாவது உண்டுங்களா?” என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

“ஒண்ணு இருக்குங்க,” என்றார் தெட்சிணாமூர்த்தி. வடிவாம்பாள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “மெட்ராசுலேர்ந்து கொழும்பு போறப்ப, பொண்ணு வலது கைப் பக்கம் ஜன்னலோரம் ஒக்காரணும்.”

சம்பந்தி அதைக் குலதெய்வத்து வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். “சாமி காரியம்னா தட்ட முடியுங்களா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கல்யாணம் முடிந்து, பங்குனியில் புறப்பாடு. வடிவாம்பாளுக்கு வேனில் ஏறினால் திருக்கடையூர் தாண்டுவதற்குள் குடலைப் பிரட்டிவிடும். அதனால் பெற்றவர்கள் சார்பில் அப்பாதான் போவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் வரவில்லை என்றுவிட்டார். அன்னபூரணி அழுதாள்.

“ஊர்ல எல்லாரயும் அனுப்பப் போனீங்க. எனக்கு மட்டும் வரமாட்டீங்களாப்பா?”

“அங்க வந்தா கண்ணாடிக்கு வெளில நின்னு ஒம் முதுவத்தான் பாப்பேன். நீ என்னப் பாக்கமாட்ட. இங்க நின்னா பாக்கலாம். ஏறி அரமணி. அரசலாறு கடல்ல சேர்ற எடம். தட்டு கொண்டாருவான், வாங்காத. தட்ட வாங்கினீன்னா ஊர் போயிடும்.”

அவள் பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். நூல் பிடித்த கணக்குத் தப்பினால் கல்யாணமாகிப் போகிற பெண்ணை வழியனுப்பாத அப்பன் என்ற பெயர்தான் மிஞ்சும். வாய் பேசினாரே ஒழிய, தெட்சிணாமூர்த்திக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பிற்பகல் முகத்துவாரத்தில் சம்பந்தி எடுத்துக்கொடுத்த எட்டு முழ வேட்டியை விரித்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனை வடிவாம்பாள் கையில். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்திருந்தாள். கருக்களாச்சேரி மீன்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அல்பேர் மடக்கு நாற்காலியும் தொப்பியுமாக வந்து சேர்ந்தார்.

விமானம் வரவில்லை. வர வேண்டிய நேரம் தாண்டிற்று.

“வானத்துக்கு வலிக்கும்னு மெதுவா வருதோ என்னமோ,” என்றார் மீன்காரர் கருப்பையன்.

“வேற வழியா போயிருப்பான்,” என்றார் அல்பேர். “வந்தாலும் வேட்டியெல்லாம் அங்கேர்ந்து தெரியாதுய்யா.”

“தெரியாதுதான்,” என்று தெட்சிணாமூர்த்தி ஒப்புக்கொண்டார். “ஆறு தெரியும். ஆத்துக்கிட்ட அப்பன் நிக்கிறான்னு அவளுக்குத் தெரியும்.”

“அப்ப வேட்டி எதுக்கு?”

“சும்மா நிக்க முடியலியே முசியே.”

அல்பேர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு வடக்கே, கடலுக்கு மேல், மேற்கு வெயில் பட்டு ஒரு பொட்டு மின்னியது. தெட்சிணாமூர்த்தி பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ஒரு கணம்தான் பார்த்தார். வாரைத் தலைக்கு மேலே கழற்றி வடிவாம்பாள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அவள் வேட்டி முனையை மணலில் நழுவவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“நடுவுல இருக்க திருகாணியக் கொஞ்சம்…”

“பேசாம இருங்க,” என்றாள்.

“என்ன வண்டிய்யா அது?” என்று அல்பேர் கேட்டது தெட்சிணாமூர்த்தி காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குனிந்து மனைவி விட்ட முனையை எடுத்து மணலை உதறினார். கைக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டி, காற்றுக்கு எதிரே நின்றார்.