வெர்னனின் இருக்கைக்கு விழுந்த சீட்டு

இதை என் தங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். எங்கள் பாதிரியாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கண் பார்த்ததையும் காது கேட்டதையும் அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

என் பெயர் டார்லா. ரீனோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பிப்ரவரி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. பழைய ஓட்டல் ஒன்றின் மாடியில் ஓமஹா ஹை-லோ சீட்டுப் போட்டி. காலையில் கூடம் நிறைய ஆட்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டபோது ஒரே ஒரு மேஜைதான் மிச்சம். ஒன்பது பேர் இருந்தோம். எட்டுப் பேருக்குத்தான் பரிசு. அடுத்துப் பந்தயச் சில்லு தீர்ந்து வெளியேறுகிறவர் நாள் முழுக்க உட்கார்ந்ததற்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சில்லு தேய்ந்துபோய்க் கிடந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் என் வலப்பக்கம் இருந்த வெர்னன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். ஆட்டத்துக்கு நடுவே அதை உருட்டும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எழுந்திருக்கும்போது கேட்டார். "ஏம்மா டார்லா, நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல போறது?"

"நீங்கதான் பெரியவரே."

"பார்ப்போம்" என்று சொல்லிச் சிரித்தார். அறைக்குப் போய் சூடாகக் கொஞ்சம் சூப் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வெர்னன் வரவில்லை.

ஆள் வராவிட்டாலும் இருக்கைக்குச் சீட்டு விழும். முறை வரும்போது கட்டாயப் பந்தயத்தை அவர் சில்லிலிருந்து எடுப்பார்கள். சீட்டை யாரும் பார்க்காமலே திரும்ப வாரிக்கொள்வார்கள். அதுதான் விதி. இடைவேளைக்குப் பிறகு சீட்டுப் போட வந்தவர் டெல்ஃபின் என்ற பிலிப்பைன்ஸ்காரர். அதிகம் பேசமாட்டார். மளமளவென்று போட்டார். காலி இருக்கைக்கும் நான்கு சீட்டு.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எந்தச் சீட்டு வந்தாலும் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்தால், எனக்கு முன்னால் வெர்னனின் சில்லு கரைந்துவிடும். எனக்குப் பரிசு நிச்சயம். அவர் வராமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வராதே, வராதே என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன்.

வெர்னனுக்கு அந்தப் பக்கம் ரஸ்டி. மலைபோல் சில்லு வைத்திருந்தான். "என்ன டார்லா, காலி நாற்காலியோட மல்லுக்கு நிக்கிறியா? ஜாக்கிரதை, அது உன்னைவிட நல்லா ஆடுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபின் மட்டும் முகம் சுளித்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காலி இருக்கையின் முறை வரும்போதெல்லாம் டெல்ஃபின் கை நின்றது. ஒரு நொடி. யாருடைய பதிலுக்கோ காத்திருப்பதுபோல. அதன் பிறகுதான் சீட்டை வாரினார்.

இன்னொன்றும் இருந்தது. அவர் வைத்த இடத்தில் அந்தச் சீட்டுகள் இல்லை. ஒரு சாண் முன்னால் நகர்ந்திருந்தன. மேஜைத் துணி வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வாசனை வந்தது.

புதினா.

ரஸ்டி எதையும் மெல்லவில்லை. நானும் இல்லை.

வெர்னன் இருக்கையில் ஒரே ஒரு கட்டாயப் பந்தயத்துக்கான சில்லு மிச்சம். இன்னும் இரண்டு ஆட்டத்தில் அவர் முறை வரும். அந்த நேரம் பார்த்து எனக்கு நான்கு சீட்டு விழுந்தது. நுனியைத் தூக்கிப் பார்த்தேன்.

ஏஸ். இரண்டு. மூன்று. நான்கு.

இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிற தொகை இரண்டாகப் பிரியும். பெரிய கைக்குப் பாதி, சின்னக் கைக்குப் பாதி. மேஜை நடுவே விரிக்கும் ஐந்து சீட்டில் எட்டும் அதற்குக் கீழுமாக மூன்று வந்தால் சின்னக் கை உண்டு. அதற்கு என் கையில் இருந்ததுபோன்ற சீட்டுக்கு நாள் முழுக்கத் தவம் கிடப்பார்கள்.

ரஸ்டி பந்தயத்தை ஏற்றினான். அடுத்தது காலி இருக்கை. டெல்ஃபின் காத்திருந்தார்... வாரினார். என்னைப் பார்த்தார்.

கவிழ்த்தால் தப்பிக்கலாம். போட்டால் சில்லு இரண்டு மடங்காகலாம். இல்லை, இங்கேயே முடிந்துபோகலாம்.

இப்படி ஒரு கையை யாராவது கவிழ்ப்பார்களா?

இருந்த சில்லை எல்லாம் கூட்டிப் பிடித்தேன். தள்ளப் போனேன்.

வலது மணிக்கட்டில் ஏதோ பட்டது.

சில்லென்று... ஈரமாக...

விரல்கள்.

கையை இழுத்தேன். வரவில்லை.

டக்... டக்... பல்லில் மிட்டாய் உருளும் சத்தம். காதுக்குப் பக்கத்தில்.

"வேண்டாம்மா."

பிடி விட்டது.

சீட்டைக் கவிழ்த்தேன். கவிழ்த்தது நானா என்றுகூடத் தெரியவில்லை.

ரஸ்டியோடு வேறொருவர் ஆடினார். நடுவில் ஐந்து சீட்டு விழுந்தது. பத்து, ஜாக்கி, ஒன்பது, ஜாக்கி, பத்து. எட்டுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. போட்டிருந்தால் நான் அப்போதே வெளியே.

அடுத்த ஆட்டத்தையும் கவிழ்த்தேன். அதற்கடுத்ததில் வெர்னனின் கடைசிச் சில்லும் போனது. மேற்பார்வையாளர் வந்து, வராதவர் வெளியேறினார், மற்ற எல்லோருக்கும் பரிசு உண்டு என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டெல்ஃபின் முகம் மட்டும் காகிதம்போல் வெளுத்தது.

கொஞ்ச நேரத்தில் நானும் வெளியேறினேன். மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மணிக்கட்டின் குளிர் மட்டும் போகவே இல்லை.

மறுநாள் காலை, அறையைச் சுத்தம் செய்யப் போன பெண் வெர்னனைத் தரையில் பார்த்தாளாம். மாரடைப்பு. சூப்பைத் தொடவே இல்லை. ஆறரை மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, டெல்ஃபினை ஒரு காபிக் கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார். விடாமல் உட்காரவைத்துக் கேட்டேன். அன்று முகம் ஏன் அப்படி வெளுத்தது?

காபிக் கோப்பையை ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னார்.

"எனக்கு அது காலி நாற்காலியாவே தெரியல. அவரு உட்கார்ந்துதான் இருந்தாரு. நீங்கள்லாம் வயசானவரைக் கேலி பண்றீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்த்துட்டு, அவரே என் பக்கம் தள்ளினாரு. உங்க கையைப் பிடிச்சாரு. கடைசிச் சில்லு போன அப்புறமும் சீட்டைத் தள்ளிட்டாரு. அதுக்கப்புறம்தான் வராதவர்னு அறிவிச்சாங்க. நான் வாயே திறக்கல. வேலை போயிடும்."

"அப்புறம் எங்க போனாரு?"

"எங்கயும் போகல. உங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னாரு. நீங்க கிளம்பினப்போ உங்ககூடவே வந்தாரு. அந்தக் கூடத்துக் கதவை நீங்க திறந்து, கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னீங்க. அவரு முதல்ல போகட்டும்னுதான் பிடிச்சீங்கன்னு நெனச்சேன்."

ஆமாம். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நினைவிருக்கிறது.

எதற்காக நின்றேன் என்றுதான் தெரியவில்லை.