பெருங்காயத்தின் மேல் போட்ட பழி

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகும் நாற்றம் ஈக்காட்டுத்தாங்கல் மோட்டார் பட்டறையில் நான் தினமும் முகர்வதுதான். பம்பாய் விமானத்தில் அதே நாற்றம் மூக்கில் ஏறியதும், உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

பக்கத்தில் இருந்த நண்பன் சலீம் விடவில்லை. "கம்முனு குந்து மச்சி. உங்கம்மா கட்டிக் குடுத்த பெருங்காயம்தான் மேல நாறிக்கினு கீது. மானம் போயிடும்."

பம்பாயில் இருக்கும் அக்காவுக்காக அம்மா மயிலாப்பூரில் வாங்கிய பெருங்காயம் மேல் தட்டில் வைத்த என் பையில் இருந்தது உண்மை. முன்வரிசைக்காரர் வேறு இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டார். கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து, தலைக்கு மேலிருந்த விளக்கு மூடியின் இடுக்கில் மெல்லிய புகை தெரிந்த பிறகுதான் அழைப்பு மணியை அழுத்தினேன்.

பணிப்பெண் ஓடிவந்து அந்த விளக்குகளை அணைக்கச் செய்து, தீயணைப்பானைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். புகை அடங்கியது. அந்தக் குழல்விளக்கின் சோக் கருகியிருந்ததாம்.

"வாசனை வந்தவுடனே ஏன் சார் கூப்பிடலை?"

"பெருங்காயம்னு நினைச்சோம்" என்றான் சலீம்.

அவர் சிரிக்கவில்லை. "பெருங்காயமாவே இருந்தா என்ன சார், வந்து பார்த்துட்டுப் போயிருப்போம்."

இப்போதெல்லாம் எங்கே கருகல் நாற்றம் வந்தாலும் முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகுதான். சலீம் மட்டும் பெருங்காயமும் சேர்ந்துதான் நாறியது என்று இன்னும் வாதாடுகிறான். வரும் ஞாயிறு பட்டறையில் அவன் கண்ணைக் கட்டி, கருகிய காயிலையும் பெருங்காயத்தையும் மூக்கருகே நீட்டப்போகிறேன்.