மூணு மாத்திரை, முந்நூறு மில்லி

இன்றைக்கு நான் ஸ்கூலுக்கு லீவு. காரணம், ஒரு மாத்திரைக் கணக்கு!

(ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இந்தக் கெமிஸ்ட்ரி டீச்சரை மன்னிக்கவும்.)

என் வீட்டுக்காரருக்குக் கேளம்பாக்கத்தில் அரிசிக் கடை. புது ஃப்ளாட்டுகளுக்கு மூட்டையை அவரே தோளில் போட்டு மாடி ஏற்றுவார்.

கொஞ்ச நாளாக நெஞ்செரிச்சல். "கேஸு" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஆன்டாசிட் மாத்திரை அட்டை. (பாக்கு போடுகிறவர் தோற்றார்!)

முந்தாநாள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தயார் செய்ய அந்த அட்டையைத்தான் எடுத்தேன்.

ஒரு மாத்திரையில் ஐந்நூறு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். வயிற்று ஆசிட்டின் செறிவை வைத்துப் பார்த்தால், அது சுமார் நூறு மில்லி ஆசிட்டை முறிக்கும்.

அன்று காலை அவர் மென்றது மூன்று. அப்படியென்றால் முந்நூறு மில்லி!

வெறும் வயிற்றில் அவ்வளவு ஆசிட் ஏது?

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னாங்க, மாத்திர போட்டும் எரியுதா?"

"மூட்ட தூக்குனா எரியுது. எறக்கி வெச்சிட்டு குந்துனா அடங்கிடுது."

"மாத்திர போடாம குந்துனா?"

யோசித்தார். "அப்பவும் அடங்குது."

அப்படியென்றால் எரிச்சலை அடக்கியது மாத்திரை இல்லை, ஓய்வு!

"கணக்குப்படி உங்க வயித்துல ஆசிட்டே இருக்கக் கூடாது. கெளம்புங்க, செங்கல்பட்டு போயி டாக்டரப் பாக்கலாம்."

"கேஸுக்குப் போயி இன்னா பேஜாரு பண்றே! கடைய யாரு பாக்கறது?"

அழுதுவிட்டேன். மனுஷன் அதற்குத்தான் அசைந்தார், கெமிஸ்ட்ரிக்கு இல்லை.

ஈ.சி.ஜி. பார்த்த கையோடு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு மூட்டை தூக்கியிருந்தால்... வேண்டாம், எழுத வரவில்லை.

இப்போது பயமில்லை என்கிறார்கள்.

இன்று காலை டாக்டரிடம் என் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மேடம், வயிறு டம்ளர் இல்ல. நீங்க முறிக்க முறிக்க அது சுரந்துக்கிட்டே இருக்கும். உங்க கணக்கு தப்பு. நல்லவேளை, தப்பாப் போட்டீங்க!"

இத்தனை வருஷம் போர்டில் எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லையே!

யோசித்துப் பார்த்தால், அவரைக் காப்பாற்றியது கணக்கு இல்லை. கணக்கு உதைத்ததால் வாயைத் திறந்து கேட்டேனே, அந்தக் கேள்விதான். "கேஸு" என்று சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து கேளுங்கள்.

கட்டிலில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"நான் போட்ட ஸ்டெப்பு தப்பாம்."

"ஸ்டெப்பு தப்பானா இன்னா டீச்சர்? ஆன்சரு இங்க குந்திகினு இட்லி துண்ணுதே!"