ஃபோபியா என்று முடியும் சொற்கள்

சுவர்க் கடிகாரம் மாலை நான்கு பத்து காட்டியபோது என்னை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் தள்ளினார்கள். முதலில் கண்ணில் பட்டது முகத்தின் மேல் பூட்டியிருந்த பிளாஸ்டிக் கூண்டின் வெள்ளைக் கம்பி. மூக்குக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. கம்பிக்கு மேலே உருளையின் கூரை.

சில மாதங்களாக இடது காதில் கைபேசியை வைத்தால் எதுவும் கேட்பதில்லை. காதுக்குப் பின்னால் நரம்பில் கட்டி இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். இருக்கிறதா இல்லையா என்பதை இந்தப் படம்தான் சொல்லும். அதற்கு நான் அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும்.

உள்ளே அனுப்பும் முன் கேள்விகள் கேட்ட பெண் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், கிளாஸ்ட்ரோஃபோபியா இருக்கா?"

"மூடிய இட அச்சம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சூப்பர் தமிழ்லா அங்கிள்! நான் பேஷன்ட்கிட்ட எல்லாம் சின்ன ரூம்னா பயமான்னுதான் கேப்பேன்." அடுத்து, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் தமிழ்ச் செய்தித்தாளில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் செய்தி மேசையில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால், திரையிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னொருவர் தமிழ்ச் சொல்லைத் திருப்பிச் சொல்வார். பொருள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவள் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது கூண்டுக்குள் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இயந்திரம் தட்டத் தொடங்கியது. பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கில் தரையை உடைக்கும் சத்தம் போல இருந்தது. மனத்தை வேறு பக்கம் திருப்ப, அதே போல முடியும் சொற்களை எடுத்துக்கொண்டேன். அக்ரோஃபோபியா, உயரத்தைக் கண்டு வரும் அச்சம். ஹைட்ரோஃபோபியா, வெறிநாய்க்கடி நோயாளிக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகுவது. ஜீனோஃபோபியாவை நாங்கள் அச்சம் என்று எழுதியதில்லை. அந்நியர் வெறுப்பு என்றுதான் எழுதினோம். ஃபோட்டோஃபோபியா வந்த அன்று மேசையில் சண்டை. ஆசிரியர் "ஒளி அச்சம்" என்றார். வெளிச்சத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, கண் கூசுகிறது, அவ்வளவுதான் என்றேன். "கண் கூச்சம்" என்றே அச்சானது. ஒரே முடிவு, ஒன்றில் அச்சம், ஒன்றில் வெறுப்பு, ஒன்றில் கூச்சம். பழைய கிரேக்கத்தில் ஃபோபோஸ் என்பது முதலில் போர்க்களத்தை விட்டு ஓடுவதைக் குறித்தது. அச்சம் என்ற பொருள் பின்னால் வந்தது.

ஐந்தாவது சொல் அகப்படவில்லை. மூச்சு கூரையில் பட்டு முகத்துக்கே சூடாகத் திரும்பியது. முழங்கையை விரித்தேன். இரண்டு பக்கமும் சுவர். முடியாவிட்டால் அழுத்திக் கூப்பிடச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர்ப் பந்தை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன்.

வெளியே இழுத்தார்கள். உடுப்பு முதுகோடு ஒட்டியிருந்தது.

"அங்கிள், கிளாஸ்ட்ரோஃபோபியா இல்லன்னுதானே சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லலம்மா."

அவள் ஒரு கணம் யோசித்தாள். "சாரி அங்கிள், நானும் கவனிக்கல" என்றாள். இரண்டு வழி இருந்தது. இன்னொரு நாள் வந்து மயக்க மருந்தோடு எடுப்பது. அல்லது யாராவது உள்ளே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வெளியே காத்திருந்த என் மனைவியைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, தெனம் நம்ம புளோக் லிஃப்ட்டுல போறீங்க. அதுல ஒண்ணும் ஆகலியே?"

"அதுல நின்னுக்கிட்டுல்ல போறேன்."

"ஆன்ட்டி, உள்ள வரணும்னா நகை எல்லாம் கழட்டணும்" என்றாள் அந்தப் பெண்.

வளையலும் தோடும் கழன்றன. தாலிக்கொடியில் மூன்று ஊக்குகள் மாட்டியிருந்தன. புடவைக்கு அவசரத்துக்கு வேண்டும் என்று எப்போதும் அங்கேதான் வைத்திருப்பாள். "இதுதான் இரும்பு, எடுத்துடறேன். மத்தது தங்கம்மா, அத காந்தம் என்ன பண்ணப் போவுது?"

"அதுவும்லா ஆன்ட்டி. இங்க ரூல் அப்படி. சாரி."

மனைவி கொடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை அவள் கழற்றி நான் பார்த்ததில்லை.

"வேற நாள் வரலாமா?" என்றேன்.

"வேற நாள் வந்தா மெஷின் ஓட்டை பெருசாயிடுமா? பேசாமப் படுங்க."

எல்லாவற்றையும் பெட்டக அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். கழுத்தில் கொடி கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கூண்டைப் பூட்டினார்கள். கம்பி வந்தது, கூரை வந்தது. இயந்திரம் தட்டியது. காதில் பஞ்சு இருந்ததால் அவள் ஏதாவது பேசினாளா என்று தெரியாது. என் கணுக்காலை அவள் கை பிடித்திருந்தது. நான் பந்தைத் தேடியபோதெல்லாம் பிடி இறுகியது. பந்தை அழுத்தவில்லை. படம் முடிந்தது.

அடுத்த வாரம் மருத்துவர் தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இடது காதுக்குப் பின்னால், நரம்பின் மேல், கட்டி இருந்தது.