பண்டாரிக்காக விட்டுக்கொடுத்த கோல்போஸ்ட்

ஆட்டுக்கறிப் பெரட்டலின் மசாலா வாசனையும் ரயில் எஞ்சினின் கரிப்புகையும் ஒன்றாக மூக்கில் ஏறும்... அதுதான் நண்பர்களே, எங்கள் காலத்து பிரிக்ஃபீல்ட்ஸ். ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்னால்.

கல்யாணமாகாத பையன்கள் நாங்கள். ரயில் பட்டறையில் வேலை, ஒரே மெஸ்ஸில் சாப்பாடு. அந்த மெஸ்தான் எங்கள் ஃபுட்பால் டீமும்.

கோல் கீப்பர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் கோலில் நின்றால் காக்கா கூட போஸ்டுக்கு மேலே பறக்க யோசிக்கும். நான் பந்தைப் பிடிக்கிற சத்தம் அம்பாங் வரைக்கும் கேட்கும்.

இப்போது மாதிரி காசை வீசி ஆட்டக்காரனை வாங்குகிற வழக்கம் அன்றைக்குக் கிடையாது. லீக் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் கேப்டன், ஃபிட்டர் செல்லையா அண்ணன், ஊர் ஊராகப் போய்த் திடலோரம் நிற்பார். நல்ல ஆட்டக்காரன் கண்ணில் பட்டால் பட்டறையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்வார். வேலை எந்த ஊரில்தான் இல்லை? அதனால் ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்குக் கூட்டி வந்து இலை போடுவார்.

அங்கேதான் சூட்சுமம். எங்கள் மெஸ் சமையல்காரர், பண்டாரி கோவிந்தன் அண்ணன் வைக்கிற பெரட்டலைத் தொட்டவன் ஊர் திரும்பியதே இல்லை. சென்டர் ஃபார்வர்ட் பெரியசாமி கிள்ளான்காரன். முதல் கவளத்திலேயே, "எப்போ வேலைக்கு வரணும்ணே?" என்று கேட்டவன்.

இதைக் கிள்ளானில் ஒரு ரப்பர் ஃபேக்டரி டீம் கண்டுபிடித்துவிட்டது. அந்த வருஷம் அவர்கள் ஆட்டக்காரர்கள் பக்கமே வரவில்லை... நேராகப் பண்டாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

செல்லையா அண்ணனே கரண்டியைப் பிடித்தார். ஸ்பானர் பிடித்த கை அது. அவர் வைத்த பருப்பில் தண்டவாளத்தையே ஒட்டவைக்கலாம்.

பெரியசாமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அண்ணே, பண்டாரி வரணும். இல்லேன்னா நான் கிள்ளானுக்கே போறேன். இதத் தின்னுட்டு எவன் ஓடறது லா?"

அவன் பின்னால் பாதி டீம் தலையாட்டியது. லீக்குக்குப் பெயர் கொடுக்கிற நாளோ நெருங்கிவிட்டது. பெரியசாமி போனால் மற்றவனும் போவான். அப்புறம் டீமே இல்லை.

அடுத்த ரயிலில் செல்லையா அண்ணனும் நானும் கிள்ளானுக்குப் போனோம்.

கோவிந்தன் அண்ணன் அடுப்படியில் புது ஜெர்சி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பண்டாரி, சட்டையெல்லாம் ஜோரா இருக்கு?"

"சிரி தம்பி, சிரி. இங்க என்னை ரிசர்வ்ல சேர்த்திருக்காங்க. உங்களுக்கு எத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன்... ஒருத்தனாவது 'வாண்ணே, ஒரு பந்து தட்டு'ன்னு கூப்பிட்டிருப்பீங்களா?"

செல்லையா அண்ணன் குழைந்தார். "வாங்கண்ணே, நாங்களும் ரிசர்வ்ல போடறோம்."

"ரிசர்வுன்னா இங்கயே இருந்துக்கறேன். எனக்கு கோல்ல நிக்கணும்."

செல்லையா அண்ணன் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"இவன் அடிக்கட்டும்," என்று கோவிந்தன் அண்ணன் என்னைக் காட்டினார். "ஒரே பந்து. புடிச்சேன்னா இன்னைக்கே வரேன், கோல் எனக்கு. புடிக்கலேன்னா இனிமே என்னைத் தேடி வராதீங்க."

அந்த ஃபேக்டரி மெஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு விறகு அடுக்குகள். நடுவில் அவர், இடுப்பில் ஈரத்துண்டோடு. நான் பந்தை வைத்துவிட்டு நின்றேன். கோல் அடித்தால் என் இடம் எனக்கு, ஆனால் ஆட டீம் இருக்காது. அவர் பிடித்தால் டீம் இருக்கும், என் இடம் போய்விடும்.

"ஏன்டா தம்பி, பூஜை போட்டுத்தான் அடிப்பியா?" என்று கத்தினார்.

அடித்தேன்... நேராக அவர் கைக்கு.

கோல் அடிக்க எவனாலும் முடியும் நண்பர்களே. கோவிந்தன் அண்ணன் கையில் பந்தைக் கொடுக்கத்தான் கெட்டிக்காரத்தனம் வேண்டும். அந்தக் கை எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாதே! பந்து நெஞ்சில் மோதி, தாடையில் பட்டு, நழுவப் பார்த்தது. ஈரத்துண்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே... மாப்பிள்ளைக் களை!

திரும்பும் ரயிலில், கரண்டி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, என் காதோரம் கேட்டார்: "தம்பி, நெசமாவே பலமாத்தான அடிச்ச?"

"கை எரியலையா உங்களுக்கு?" என்றேன்.

"எரியுது, எரியுது," என்று உள்ளங்கையை ஊதிக்கொண்டார்.

அந்த வருஷம் காலையில் அவர் சமைப்பார், சாயங்காலம் கோலில் நிற்பார். நான் தடுப்பாட்டத்தில், பேக்காக, அவருக்கு முன்னால் நின்றேன். பந்து என்னைத் தாண்டினால்தானே அவரிடம் போகும்? சீசன் முழுக்க அவர் சட்டையில் மண்ணே ஒட்டவில்லை. பெரியசாமி இலையையும் விடவில்லை, எங்களையும் விடவில்லை.

இப்போது செராஸில் மகன் வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. எவனை எத்தனை கோடிக்கு வாங்கினார்கள் என்று பேரன் பட்டியலே ஒப்பிக்கிறான். அந்தக் கோடியில் வந்தவன் எவனாவது டீமுக்கே ரசம் வைப்பானா என்று கேட்டால், "போங்க தாத்தா" என்கிறான்.

எவனாவது பெனால்டியை நேராகக் கோல் கீப்பர் கையில் கொடுத்துவிட்டால் வீடே திட்டுகிறது. நான் மட்டும் திட்டுவதில்லை. பாவம், அவன் டீமுக்கு யார் சமைக்கிறார்களோ... நமக்கு என்ன தெரியும்?