பட்டை ஏற்றிய கார்

நேற்று நாமக்கல்லில் ஒரு ஒர்க் ஷாப்பைக் கடந்தபோது, கழற்றிப் போட்ட ஷாக் அப்சர்பரிலிருந்து ஒழுகிய எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. மல்லிகை வாசம் பட்டால் உங்களுக்குக் கல்யாணம் ஞாபகம் வரலாம். எனக்கு இந்த நாற்றம் பட்டால் ஜேடர்பாளையம் வாய்க்கால் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பழைய டாக்ஸி வைத்திருந்தேன். ஐந்து பேர் ஏறும் காரில் பத்துப் பேரை அடைப்பேன். மொட்டை போடப் போகிற குழந்தைகள் கணக்கில் வராது. பாவம், அடைகாக்கும் கோழி மாதிரி காரின் பின்பக்கம் அமுங்கிப் போனது. லாரிக்காரன் செய்வதுதானே என்று, ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு இரும்புப் பட்டை ஏற்றச் சொன்னேன்.

மெக்கானிக் ஆறுமுகம் என் வயதுக்காரன். தலையில் அடித்துக்கொண்டான்.

"பங்காளி, ஸ்பிரிங்கு கட்டியானா ஷாக்கையும் அதுக்குத் தக்கன மாத்தோணும். அது தூக்கி எறியும், இந்தக் கெழட்டு ஷாக்கு புடிச்சு நிறுத்தாது."

"குலுங்குனா ஊஞ்சல்னு நெனச்சுக்கறேன். நீ மாட்டு."

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் எஞ்சினியரிங் அது.

பத்துப் பேரோடு போனபோது கார் நிமிர்ந்து நின்றது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் என் மனைவி செல்வியும் கைக்குழந்தையும் மட்டும். வாய்க்கால் ரோட்டில் ஒரு மேடு. பாரமில்லாத பின்பக்கம் துள்ளியது, இறங்கியது, அடங்குமுன் மறுபடியும் துள்ளியது. மூன்றாவது துள்ளலில் வாய்க்கால் பக்கமாக நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன். அந்தரத்தில் சுற்றும் சக்கரம் எதைப் பிடிக்கும்? குழந்தை மடியிலிருந்து எழும்பியதையும் செல்வி எட்டிப் பிடித்ததையும் கண்ணாடியில் பார்த்தேன்.

"ஏனுங்க! தண்ணீங்க!"

கார் நின்றபோது பின்சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே தொங்கியது. கீழே தண்ணீர் சுழித்து ஓடியது.

"செல்வி, அந்தப் பக்கம் சாயாத. இப்படியே நகந்து வா." பேசியது நானா என்று எனக்கே சந்தேகம்.

அவள் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியே வந்தாள். அதன் பிறகுதான் குழந்தை அழுதது. அது அழுததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"ஊராரு பத்துப் பேரு சொகமாப் போவோணும், நாங்க ரெண்டு பேரு தண்ணியில போவோணுமாக்கும்?" என்றாள்.

மறுநாளே பட்டைகளைக் கழற்றிப் புது ஷாக் போட்டேன். பின்பக்கத்தை அழுத்தி விட்டால் ஒரே எழும்பலில் அடங்கியது.

முன்பெல்லாம் ஊர் எல்லை தாண்டுமுன்பே செல்வி என் காரில் வாயைப் பிளந்து தூங்கிவிடுவாள். ஈ புகுந்துவிடும் என்று கேலி செய்வேன். அந்தத் தூக்கத்தை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. இப்போது இருப்பது மெத்தை மாதிரி கார்.

"ரோடு நல்லாருக்குது, கண்ண மூடு" என்பேன்.

"நீங்க ரோட்டப் பாருங்க" என்பாள்.