தாணுலிங்கம் பிள்ளை மலையைக் குறை சொன்ன கதை

ஆரியசாலை மலைச்சரக்குக் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக மிளகும் சுக்கும் ஏலமும் கொள்முதல் செய்துவந்த தாணுலிங்கம் பிள்ளைக்கு நாற்பத்தாறாம் வயதில் கிறுக்குப் பிடித்தது. அகத்தியமலை உச்சியில் ஏறி நிற்க வேண்டுமாம்! மழை விட்ட காலைகளில் கடை மச்சிலிருந்து பார்த்தால் கிழக்கே அந்த மலை தெரியும். ஒரு நாள் பார்த்தார், அவ்வளவுதான். அன்று முதல் சோறு இறங்கவில்லை என்று சொல்லித் திரிந்தார். தொந்தி என்னவோ குறையவில்லை.

கொல்லம் ஆண்டு 1112 மாசியில் முதலாளி ஐந்து நாள் லீவு கொடுத்தார். "இதை விட்டா பெறகு உம்ம கருமாதிக்குத்தாம்வே லீவு" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

போக வழி இரண்டு. "பாபநாசம் வழியாப் போவும்வே, அம்பாசமுத்திரத்துல உம்ம மாமியார் வீடு இருக்குல்லா" என்றார் தராசுக்காரர் பிச்சையா. பிள்ளை பெரிய கும்பிடாகப் போட்டார். அந்த வீட்டில் கால் வைத்தால் முதல் நாள் சொதி, மறுநாள் மைத்துனன் வீட்டு விருந்து, ஐந்தாம் நாள் கையில் முறுக்குத் தூக்கோடு ரயிலேற்றிவிடுவார்கள். மலையாவது, ஏறுவதாவது! நெடுமங்காடு வழியே போதும் என்று பஸ் ஏறினார். விதுரையில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தார். எதிரே வந்த எருமையைப் பார்த்தும் சிரித்தார், ஓடையைப் பார்த்தும் சிரித்தார். பைத்தியம் முற்றிவிட்டது.

காட்டுக்குள் மலைவாசிகளான காணிக்காரர் குடியிருப்பில் உச்சிவரை வழி தெரிந்தவர் வேலாயுதன் காணி ஒருவர்தான். குடிசை வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு மலை நின்றது. பிள்ளைக்கு நெஞ்சு குதித்தது. ஆனால் கொள்முதல் புத்தி எங்கே போகும்? வேண்டிய சரக்கைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டும் என்பது ஆரியசாலை வழக்கம். முதல்தர மிளகைப் பொக்கு என்பார்கள். ஆசை வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும். விற்கிறவனுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டான்.

"இதுதான் மலையா?" என்று உதட்டைப் பிதுக்கினார் பிள்ளை. "ஒரு பக்கம் சரிஞ்சுல்லா கெடக்கு. இதுக்குப் போயி வழிகாட்ட ஒரு ஆளு வேற வேணுமாக்கும்!"

காணி கத்தியைக் கீழே வைத்தார். அகத்திய முனி அவர்களுக்குத் தாத்தா. "பிள்ளே, அது எங்க அப்பூப்பன் இருக்கிற எடம். கொள்ளில்லெங்கில் திரும்பிப் போ" என்றார். நன்றாயில்லை என்றால் போய்விடு என்று அர்த்தம். எழுந்து குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளைக்குப் பரம சந்தோஷம். பேரம் சூடுபிடித்துவிட்டது! விற்கிறவன் எழுந்து போனால் வாங்குகிறவனும் நடையைக் கட்ட வேண்டும், பத்தடிக்குள் கூப்பிடுவான். நடந்தார். பத்தடி ஆயிற்று. இருபதாயிற்று. மெதுவாக நடந்தார். கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தார். படல் சாத்தியபடியே இருந்தது.

ஐயோ, போச்சே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து படலுக்கு முன்னால் நின்றார்.

"காணி! பொய் சொன்னேன்! பத்து மாசமா அதைப் பாத்துப் பாத்துச் செத்துக்கிட்டு இருக்கேன். அழகுன்னா அப்படி ஒரு அழகு! எனக்கு வேணும், காணி! எனக்கு வேணும்!"

ஆயுசில் ஒரு பொருளைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதும் தலை கிறுகிறுத்தது. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யார் கண்டார்கள்! கையைத் தூக்கிக்கொண்டு இன்னும் நாலு தரம் கத்தினார். குடியிருப்பு நாய்களெல்லாம் சேர்ந்து குரைத்தன.

படல் திறந்தது. காணி சிரித்துக்கொண்டிருந்தார். "இது மொதல்லே பறஞ்சூடாதா பிள்ளே? நாளெ வெளுக்கும்போ போவாம். செருப்பு வேண்டா."

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் தாணுலிங்கம் பிள்ளை சிகரத்தில் நின்றார். காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி காணி அவர் வேட்டியைப் பிடித்திருந்தார். "கொள்ளாம்! கொள்ளாம்!" என்று, நன்றாயிருக்கிறது என்பதைக் காணியின் பேச்சிலேயே, மேகத்தைப் பார்த்துக் கூவிக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது.

ஐந்தாம் நாள் வீட்டில் இலைமுன் உட்கார்ந்தவர், ரசம் ஊற்ற வந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"பொன்னம்மை, ஒன்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நெறம் கம்மின்னு சொன்னேம்லா?"

"இருவது வருசமாச்சு. இப்ப எதுக்கு அது?"

"அது பொய்டீ."

பொன்னம்மை கரண்டியைக் கீழே வைத்தாள். காட்டுக் காய்ச்சலோ என்று பயந்து அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.